யார் பேரில் எழுதுவது

பூட்டிக் கிடக்கும் வீடுகளின் சாவிகளை எல்லாம் ஒரு கம்பி வளையத்தில் கோத்து, சைக்கிளின் கைப்பிடியில் மாட்டியிருப்பார். தெருமுனையில் அந்தச் சைக்கிள் திரும்பும்போதே சாவிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் சத்தம் எனக்குக் கேட்டுவிடும். இன்றைக்கு எந்த வீட்டைக் காட்டப் போகிறாரோ, அதில் எதை மறைக்கப் போகிறாரோ என்று இருக்கும். இராஜபாளையத்தில் வீடு வாங்க நினைத்தவர்களும் விற்க நினைத்தவர்களும் அவரிடம் வந்துதான் தீரவேண்டும். புரோக்கர் என்று பெயர் சொல்லாமல் சொன்னாலே அது அவர்தான். வயதில் மூத்தவர் என்பதால் நான் அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். அவர் என்னைத் தாயி என்பார். எண்பதுகளின் கடைசியில் ஏறக்குறைய ஒரு வருஷம் என் கணவரின் குரலைவிட அவருடைய குரலைத்தான் நான் அதிகம் கேட்டேன்.

என் கணவர் ராணுவத்தில் இருந்தார். அந்த வருஷம் அவருடைய படைப்பிரிவை இலங்கைக்கு அனுப்பியிருந்தார்கள். நானும் இரண்டு பெண் குழந்தைகளும் மில்லுக்குப் பின்பக்கம் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு நான் ஒரு பேண்டேஜ் கம்பெனிக்கு வேலைக்குப் போவேன். வெள்ளைத் துணியைச் சுருளாகச் சுற்றிக் காகிதத்தில் பொதிந்து அட்டைப்பெட்டியில் அடுக்க வேண்டும். கைக்குப் பழகிவிட்ட வேலை என்பதால் மனதுக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. அது தன் போக்கில் கிளம்பிவிடும். இந்தச் சுருள் எந்த ஆஸ்பத்திரிக்குப் போகும், யார் உடம்பில் சுற்றுவார்கள் என்று நினைக்க ஆரம்பித்தால் அன்று முழுக்க அதுதான். சாப்பாட்டு வேளையில் மற்ற பெண்கள் தங்கள் வீட்டு ஆண்களைக் குறை சொல்லிச் சிரிப்பார்கள். குறை சொல்வதற்குக்கூட ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

வாடகை வீட்டுக்காரர் தன் மகனுக்குக் கல்யாணம் வைத்திருப்பதாகச் சொல்லி வீட்டைக் காலி செய்யச் சொன்னார். வேறு வாடகை வீடு தேடிப் போன இடங்களில் எல்லாம் முதல் கேள்வி ஆம்பிளை எங்கே என்பதுதான். பட்டாளத்தில் என்றால் முகம் மலரும். இலங்கையில் என்றால் மலர்ந்த முகம் சுருங்கிவிடும். வீட்டைச் சுற்றிக் காட்டியவர்கள், யோசித்துச் சொல்லுகிறோம் என்று வாசல்வரை வந்து வழியனுப்பிவிடுவார்கள். என் கணவர் கடைசி லீவில் வந்திருந்தபோது, இனி வாடகைக்கு அலைய வேண்டாம், சொந்தமாகவே ஒரு வீடு பார்த்து வை, அடுத்த லீவில் வந்து பத்திரம் முடித்துவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். பேங்கில் எங்கள் இருவர் பேரிலும் கணக்கு இருந்தது. அவர் சொன்னதை நம்பித்தான் நான் அண்ணாச்சியைத் தேடிப் போனேன்.

அவரோடு வீடு பார்ப்பது ஒரு சோதனை. நான் போவதற்கு முன்பே போய் ஜன்னல்களை எல்லாம் திறந்துவைத்து, காத்து எப்படி வருது பாத்தீகளா என்பார். மழை ஒழுகிய சுவர் இருந்தால் அதற்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு தெருவில் குடியிருப்பவர்களின் நல்ல குணத்தைப் பேசுவார். தரை எங்கே உடைந்திருக்கிறதோ அந்த இடத்தில் போய் நின்றுகொள்வார். இதைக் கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்ச நாளாயிற்று. பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் அவர் காலடியைத்தான் பார்ப்பேன். அவரும் அதைக் கவனித்துவிட்டார் போலிருக்கிறது. ஒருநாள் தானாகவே இரண்டு எட்டு விலகி நின்று, இது ஒரு மூடை சிமெண்டுல சரியாயிரும் தாயி என்றார். ஆனால் அதே மனிதர், ஒரு வீட்டுக்காரர் தன் வீட்டைக் காட்டச் சொல்லி எத்தனையோ தடவை நெருக்கியும் என்னை அந்தத் தெருவுக்குள் கூட்டிக்கொண்டு போகவே இல்லை. கேட்டதற்கு, பொம்பளப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நீங்கள் தனியாக இருக்கிற தெரு அதுவல்ல என்று மட்டும் சொன்னார். அவரை நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை.

கடைசியில் ஒரு வீடு அமைந்தது. முன்னால் ஒரு அறை, நடுவில் ஒரு அறை, பின்னால் அடுப்படி, அதற்கும் பின்னால் கிணறு. மாடியில் ஏறி நின்றால் மேற்கே மலை முழுசாகத் தெரியும். அந்த வீட்டுக்காரர் மில்லில் பஞ்சு குடோனைப் பார்த்துக்கொண்டிருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்தபின் ஸ்ரீவில்லிபுத்தூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அண்ணாச்சியும் நானும் டவுன் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போய் அவரைப் பார்த்தோம். பெரியவர் என்னிடம் தமிழில் இரண்டு வார்த்தை விசாரித்துவிட்டு, பிறகு அண்ணாச்சியோடு தெலுங்கில் பேச ஆரம்பித்தார். இருவருக்கும் வீட்டில் பேசுகிற பாஷை அது. எனக்கு ஒரு சொல்கூட விளங்காது. அவர்கள் சிரித்தால் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்களோ என்றிருந்தது. குரலைத் தணித்தால் அதைவிடப் பயமாக இருந்தது. திரும்பும்போது பஸ்ஸில், என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். அவர் மகளுக்கு மூட்டு வலியாம், அதற்கு வைத்தியம் சொன்னேன் என்றார். இன்றுவரை அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் அடுத்த வாரம் அட்வான்ஸ் கொடுத்து ஒப்பந்தம் போட்டேன். மாசி மாதம் முடிவதற்குள் பத்திரம் முடிக்க வேண்டும், தவறினால் அட்வான்ஸ் திரும்ப வராது என்று அதில் இருந்தது. தை மாதம் என் கணவருக்கு லீவு. அந்த நம்பிக்கைதான்.

தை வந்தது. லீவு இல்லை என்று ஒரு கடிதம் வந்தது. அதற்குப் பிறகு கடிதமே வரவில்லை.

தபால்காரர் எங்கள் தெருவில் நுழையாமல் நேராகப் போய்விடும் நாட்கள் கூடிக்கொண்டே போயின. சாயங்காலம் ரேடியோவில் செய்தி கேட்கும்போது சத்தத்தைக் குறைத்துவைப்பேன். பிள்ளைகளுக்காக என்று சொல்லிக்கொள்வேன், உண்மையில் எனக்காகத்தான். என் கணவர் ராணுவத்தில் வீட்டு விலாசமாகத் தன் சொந்த ஊரான மகாராஜபுரத்தைக் கொடுத்திருந்தார். அங்கே அவருடைய அண்ணன் இருந்தார். விவசாயம் பார்ப்பவர், நாங்கள் பெரியத்தான் என்போம். எது நடந்தாலும் தந்தி முதலில் அவருக்குத்தான் போகும். அதனால் பெரியத்தான் எப்போது இராஜபாளையம் வந்தாலும் எனக்கு ஈரக்குலை நடுங்கும். நெல் கொண்டுவந்து போட வருவார், காய்கறி கொண்டுவருவார். என்ன கொண்டுவந்திருக்கிறார் என்பதைவிட அவர் சட்டைப்பையில் காகிதம் ஏதாவது இருக்கிறதா என்றுதான் என் கண் போகும்.

மாசி பாதி கழிந்தபோது அண்ணாச்சி வந்தார். வீட்டை இன்னொரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்று கூப்பிட்டார். எதற்கு என்று புரியாமல் கூடப் போனேன். அந்தக் காலி வீட்டின் அடுப்படியில் வைத்துத்தான் பேச்சை எடுத்தார். பத்திரம் எழுதக் கொடுக்க வேண்டும், யார் பேரில் எழுதுவது என்று கேட்டார். இது என்ன கேள்வி, அவர் பேரில்தான் என்றேன். அண்ணாச்சி என் முகத்தைப் பார்க்கவில்லை. அடுப்பு மேடையைக் கையால் தடவிக்கொண்டே பேசினார்.

"தாயி, ஒங்க பேர்ல எழுதுவோம். அவிய நல்லபடியா வந்துட்டாகன்னா, பெஞ்சாதி பேர்ல இருந்தா என்ன, புருசன் பேர்ல இருந்தா என்ன. ஒருவேளை வரலேன்னு வச்சிக்கிடுங்க. அவிய பேர்ல இருந்தா இந்த வீட்டுக்கு எம்புட்டுப் பேர் பங்கு கேட்டு வருவாகன்னு எனக்குத் தெரியும். நான் பாத்திருக்கேன்."

வரலேன்னு என்ற அந்த ஒரு சொல்லை அதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை. கம்பெனியில் சொன்னதில்லை, பக்கத்து வீட்டில் சொன்னதில்லை. நான் எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டதில்லை. அதன் பக்கத்தில் போய்விட்டுத் திரும்பி வந்துகொண்டே இருந்தேன். இவர் ஒரு காலி அடுப்படியில் நின்றுகொண்டு, ஜன்னலைத் திறந்துவிடுவதுபோல் அதைச் சொல்லிவிட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. உங்களுக்கு உங்கள் கமிஷன்தானே முக்கியம், நான் காத்திருந்தால் அது போய்விடும் என்றுதானே இப்படிப் பேசுகிறீர்கள் என்று கேட்டேன். அவர் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தி, வாசலைப் பூட்டி, யோசித்துச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார்.

கலந்து யோசிப்பதற்கு எனக்கு ஆள் இல்லை. என் கணவரிடம் கேட்கலாம் என்றால் அவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாது. என் பேரில் எழுதினால் அவர் வரமாட்டார் என்று நானே முடிவு கட்டியதுபோல் ஆகிவிடுமோ என்றிருந்தது. அவர் பேரில் எழுதி, அண்ணாச்சி சொன்னது நடந்துவிட்டால் இந்த இரண்டு பிள்ளைகளை எங்கே கொண்டுபோய் வைப்பேன் என்றும் இருந்தது. பிள்ளைகளுக்குத் தலை சீவிவிடும்போது சீப்பு அப்படியே நின்றுவிடும். பெரியவள் திரும்பி, என்னம்மா என்பாள். ஒன்றுமில்லை என்பேன். கடைசியில் பணம் எடுக்கப் பேங்குக்கு நான் தனியாகத்தான் போனேன். என் பேரிலேயே எழுதச் சொல்லுங்கள் என்று அண்ணாச்சிக்குச் சொல்லியனுப்பினேன். மகாராஜபுரத்துக்குத் தகவல் சொல்லாமல் செய்ய எனக்கு மனம் வரவில்லை. இன்ன நாளில் பத்திரம், என் பேரில் எழுதுகிறோம் என்று பெரியத்தானுக்கு ஒரு கார்டு போட்டேன்.

பத்திரப்பதிவு ஆபீசில் அன்று கல்யாண வீடு மாதிரிக் கூட்டம். வீட்டுக்காரப் பெரியவர் மகளோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அண்ணாச்சி உள்ளேயும் வெளியேயும் போய்வந்துகொண்டிருந்தார். சாட்சிக் கையெழுத்துக்காக அவர் கூட்டிவந்த இரண்டு பேர் மரத்தடியில் நின்றார்கள். எங்கள் முறை வர இன்னும் கொஞ்ச நேரம் இருந்தபோது கேட்டுக்குள் பெரியத்தான் வருவதைப் பார்த்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்திருக்க வேண்டும், சட்டை முழுவதும் வேர்வையில் ஒட்டியிருந்தது. என் கண் அவர் கைக்குப் போனது. வலது கையில் துண்டு இருந்தது. இடது கை துண்டுக்குப் பின்னால் மறைந்திருந்தது. அந்தக் கை வெளியே வருவதற்குள் நான் செத்துப் பிழைத்தேன். கை வெறுங்கையாக இருந்தது.

அவர் என்னிடம் வரவில்லை. நேரே அண்ணாச்சியிடம் போனார். சத்தம் போடவில்லை, ஆனால் அவர் பேசியது எல்லோருக்கும் கேட்டது.

"எந்தம்பி சம்பாத்தியத்துல வாங்குத வீடு. அதுல அவன் பேரே இல்லாம எழுதுனா, அவன் இல்லன்னு நாமளே எழுதிக் குடுக்க மாதிரில்லா ஆகுது. அத எழுத ஒங்களுக்கு எப்படிங்க மனசு வருது?"

சண்டைக்கு வருகிறார் என்றுதான் நினைத்திருந்தேன். என் மனதில் இருந்ததைத்தான் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குள் பெரியவர் பயந்துவிட்டார். வில்லங்கம் வரும்போலிருக்கிறது, நமக்கு எதற்கு என்று மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். வீடும் இல்லை, கொடுத்த அட்வான்ஸும் இல்லை, காலி செய்யச் சொன்ன வீட்டுக்குத்தான் திரும்பிப் போக வேண்டும். அண்ணாச்சி பெரியவரின் தோளில் கைவைத்துத் தெலுங்கில் ஏதோ சொல்லி உட்காரவைத்தார். பிறகு பெரியத்தானின் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஒங்க தம்பி வந்து, ஏன்யா எம்பேர்ல எழுதலன்னு கேட்டா நான் பதில் சொல்லுதேன். அடிச்சாலும் வாங்கிக்கிடுதேன். அவிய வராம, பொறவு இந்தப் பிள்ளைக வளந்து, எங்க வீடு எங்கன்னு கேட்டா நீங்க பதில் சொல்லுவீகளா?"

பெரியத்தான் துண்டால் முகத்தைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். அண்ணாச்சி மெதுவாக, இன்னும் ஒரு சாட்சிக் கையெழுத்துப் பாக்கி இருக்கிறது, அதை நீங்களே போட்டால் தம்பிக்குத் தெரியாமல் நடந்தது என்று நாளைக்கு ஒருத்தரும் சொல்ல முடியாது என்றார். அப்படிச் சொல்லும்போதே மரத்தடியில் நின்ற இரண்டு பேரில் ஒருவரைக் கண்ணால் ஜாடை காட்டி அனுப்பிவிட்டார். அதை நான் பார்த்தேன். பெரியத்தான் பார்க்கவில்லை. உள்ளே கூப்பிட்டபோது அவர் எனக்கு முன்னால் நடந்து வந்தார். தன் பெயரை எழுதிவிட்டு வெளியே போய் மரத்தடியில் குந்தி உட்கார்ந்து, சத்தம் இல்லாமல் அழுதார். அன்று சாயங்காலமே அண்ணாச்சி தன் கமிஷனை வாங்கிக்கொண்டு போனார். ஒரு நாள்கூடப் பொறுக்க மாட்டாரா என்று மனதுக்குள் வைதேன்.

பங்குனியில் குடிவந்தோம். பால் காய்ச்ச நானும் பிள்ளைகளும் மட்டும்தான். சித்திரையில் கிணறு வற்றியது. எந்தக் கோடைக்கும் வற்றாத கிணறு என்று அண்ணாச்சி அடித்துச் சொல்லியிருந்தார். தெருக்குழாயில் வரிசையில் நின்று ஒவ்வொரு குடமாகச் சுமக்கும்போது, இதில் பொய் சொன்ன மனிதர் எதில்தான் உண்மை சொல்லியிருப்பார் என்று நினைப்பேன். கடிதம் இன்னும் வரவில்லை. பழைய வாடகை வீட்டுக்குப் போயிருக்குமோ என்று வேலை விட்டு வரும்போது அங்கேயும் போய்க் கேட்டுவிட்டு வருவேன்.

அப்படி ஒரு காலையில் குடத்தோடு திரும்பும்போது வாசலில் பெரியத்தான் நின்றுகொண்டிருந்தார். இந்தத் தடவை கையில் காகிதம் இருந்தது. பார்த்தவுடனே தந்தி என்று தெரிந்துவிட்டது. இடுப்புக் குடத்தை இறக்கிப் படியில் வைத்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தாமல் வைத்தேன் என்பது இப்போது நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது. அவர் வாயைத் திறக்கிறார், சத்தம் வரவில்லை. மறுபடியும் திறக்கிறார். நான் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இருக்கான்" என்றார். அந்த ஒரு சொல்தான் வந்தது. அதற்கு மேல் அவராலும் முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. தெருவில் போனவர்கள் இழவு விழுந்துவிட்டது என்று நினைத்து ஓடிவந்தார்கள்.

மெட்ராஸ் ராணுவ ஆஸ்பத்திரியில் இருந்தார். கண்ணிவெடியில் வலது கையும் விலாவும் சிதைந்து, நினைவில்லாமல் கிடந்து, உயிர் தப்பியிருந்தார். எழுதுகிற கை அது. நானும் பெரியத்தானும் போய்ப் பார்த்தபோது உடம்பு முழுக்க வெள்ளைச் சுருள் சுற்றியிருந்தது. அந்தத் துணியை எனக்கு நன்றாகத் தெரியும். அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

என் கணவர் ஊர் திரும்பியபின் ஒருநாள், பத்திரம் என் பேரில் இருப்பதையும் அண்ணாச்சி அடுப்படியில் சொன்னதையும் மெல்ல எடுத்துச் சொன்னேன். கோபப்படுவார் என்று பயந்திருந்தேன். அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு மலையைப் பார்த்தபடி இருந்தார். பிறகு, "நான் சொல்லிட்டுப் போயிருக்கணும். சொல்ல வாய் வரல" என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சு எங்களுக்குள் வந்ததில்லை.

அண்ணாச்சியை நான் பிறகு வழியில் பார்த்தால் நின்று இரண்டு வார்த்தை பேசுவேன், அவ்வளவுதான். தொண்ணூறுகளின் கடைசியில், எங்கள் பக்கம் இடத்துக்கு விலை ஏறிய சமயத்தில், ஒருநாள் அவரே வீட்டுக்கு வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. காதும் கொஞ்சம் மந்தம். நல்ல கிராக்கி வந்திருக்கிறது, வீட்டைக் கொடுக்கிறீர்களா என்று கேட்கத்தான் வந்திருந்தார். என் கணவர் சிரித்துக்கொண்டு, அது என் வீடு இல்லை அண்ணாச்சி, வீட்டுக்காரியிடம் கேளுங்கள் என்றார். நான் காபி கொண்டுவந்து வைத்தேன். இத்தனை வருஷமாக உள்ளே கிடந்த கேள்வி, கேட்க வேண்டும் என்று நினைக்காமலே வெளியே வந்துவிட்டது. அன்றைக்கு அப்படிச் சொன்னது எனக்காகவா, உங்கள் கமிஷனுக்காகவா என்று கேட்டேன். காது கேட்கவில்லையோ என்று இரண்டாம் தடவையும் கேட்டேன்.

"ரெண்டுக்குந்தான் தாயி" என்றார். காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார். "எங்க வீட்லயும் அடுப்பு எரியணும்லா."

வீட்டைக் கொடுக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். அதில் அவருக்கு வருத்தம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. அடுத்த தெருவில் ஒரு வீடு பார்க்க வேண்டும் என்று கிளம்பிப் போனார். பிறகு சில வருஷத்தில் அவர் காலமானதாகக் கேள்விப்பட்டோம். நானும் என் கணவரும் துக்கம் கேட்கப் போய்வந்தோம்.

அடுப்படியில் அவர் சொன்ன அந்த நாள் வராமல் போய்விடவில்லை. எத்தனையோ வருஷம் தள்ளிப்போய், போன ஐப்பசியில் வந்தது. வெடியும் இல்லை, தந்தியும் இல்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்த என் கணவர் எழுந்திருக்கவில்லை. காரியம் எல்லாம் முடிந்து சொந்தபந்தங்கள் கிளம்பிக்கொண்டிருந்தபோது, நடக்க முடியாமல் ஆள் பிடித்து அழைத்து வந்திருந்த பெரியத்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் இருந்துவிட்டுப் போனார். வீட்டைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பெண்கள் இருவரும்தான் மாற்றி மாற்றி என்னைக் கூப்பிட்டார்கள். இந்த வீட்டில் ஒற்றையாக எப்படி இருப்பாய், எங்களோடு வந்துவிடு, வேண்டுமானால் இதை வாடகைக்கு விட்டுவிடலாம் என்றார்கள். பெரியவள் என் துணிகளைப் பெட்டியில் எடுத்து வைக்கவே ஆரம்பித்துவிட்டாள்.

பெட்டியிலிருந்து சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடியும் கொடியில் போட்டேன்.

"நீங்க போயிட்டு வாங்க" என்றேன். "நான் எங்க வரப்போறேன். எம்பேர்ல வீடு இருக்கு."

அவர்களுடைய கார் தெருமுனையில் திரும்பும்வரை வாசலில் நின்றேன். பிறகு உள்ளே வந்து, வெயில் தாழ்ந்திருந்ததால், ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டேன்.